பாப்பா பால் குடிக்கும்வரை பஸ் நிற்கும்

போன வாரம் என் மனைவி ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டாள். பிரேக் போட்டது டிரைவர்தான். ஆனால் நிறுத்தியது அவள்.

எங்களுக்குப் பெண் பிறந்ததை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே தம்பட்டம் அடித்திருந்தேன். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. எழுதுகிற நிலையிலா இருந்தேன்?

பாப்பா அழுதாள். இதில் என்ன அதிசயம், பிறந்த குழந்தை அழாமல் பாட்டா பாடும் என்று கேட்பீர்கள். இது வேறு அழுகை. பால் கொடுத்தால் ஆவலாக இரண்டு இழுப்பு இழுப்பாள். உடனே வாயை எடுத்துவிட்டு, முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவாள். வயிறு பலூன் மாதிரி உப்பியிருக்கும். பசியா, வலியா? கேட்டால் சொல்லவா போகிறாள்... நாங்கள் இரண்டுக்கும் சேர்த்துத் தவித்தோம்.

என் மனைவி கௌசல்யா கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பில் மீசை முளைத்த பையன்கள்கூட அவள் சாக்பீஸை எடுத்தால் அடங்கிவிடுவார்கள். அவளை ஒரு முழ நீளப் பெண் அழவைத்துக்கொண்டிருந்தாள்.

காரிமங்கலத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் பழம் கொடுத்தார்கள், கூடவே தீர்ப்பும் கொடுத்தார்கள்.

"உனக்குப் பால் பத்தலம்மா. அதான் புள்ள அழுவுது."

எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எடை பார்த்தோம். ஏறவில்லை. அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஊரே சொல்லுதுங்க. என்கிட்ட ஒண்ணும் இல்ல போல..."

நான் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் மச்சான் காரில் தர்மபுரிக்கு, குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் அவசரப்படாத பெண்மணி. கௌசல்யா பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"பால் இருக்கும்மா, நல்லாவே இருக்கு. பாப்பா நுனிய மட்டும் புடிச்சு சப்புறா. பாலுக்குப் பதிலா காத்தைக் குடிக்கிறா. அதான் வயிறு உப்புது, அழறா, எடையும் ஏறல."

குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல் வாய் பெரிதாகத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். திறந்ததும் குழந்தையைச் சட்டென்று மார்போடு சேர்க்க வேண்டும். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவைக்க வேண்டும். எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். செய்து பார்க்கலாம் என்றால் — பாப்பா தூங்கிவிட்டாள்!

அதற்குள் மச்சானுக்கு ஏதோ அவசர வேலை என்று போன் வர, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் பஸ் ஏறினோம். காரிமங்கலத்தில் அன்று சந்தை. கூட்டம் கேட்கவா வேண்டும்? கூடையில் இரண்டு நாட்டுக் கோழிகளோடு நின்ற ஒரு பெரியவரைத் தாண்டி உள்ளே போனோம். குழந்தையைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து சீட் கொடுத்தார்.

தர்மபுரியைத் தாண்டியதும் பாப்பா விழித்தாள். வீறிட்டாள். கோழிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

கௌசல்யா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் சொன்னபடி முயன்றாள். வாய் பெரிதாகத் திறக்கும், சேர்க்கப் போவாள் — ஸ்பீடு பிரேக்கர். மறுபடி திறக்கும் — பள்ளம். அழுகை ஏறிக்கொண்டே போனது. பின்சீட்டிலிருந்து அந்தப் பழைய தீர்ப்பு வந்தது: "பால் பத்தலயாட்டம் இருக்குது..."

கௌசல்யா நிமிர்ந்தாள். "கண்டக்டர்! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. என் பொண்ணு பால் குடிக்கணும்."

வகுப்பறைக் குரல். பல நாட்களாகக் காணாமல் போயிருந்த குரல்! விசில் பறந்தது. ஒரு டீக்கடை ஓரம் பஸ் நின்றது.

சீட் கொடுத்த பெண் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "ஆம்பளைங்க எல்லாம் எறங்கிப் போயி டீ குடிங்க. ம், எறங்குங்க!"

இறங்கினார்கள். நான் நின்றேன்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா சாமி?"

"நான் குழந்தையோட அப்பாங்க."

"அப்பனா இருந்தா? உன்கிட்டயா பால் குடிக்கப் போவுது? எறங்கு."

இறங்கினேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார். உள்ளே பெண்கள் ஜன்னலோரம் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தார்கள். கோழிக்காரப் பெரியவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "சந்தை கலைஞ்சா கோழிய யாருக்குங்க விக்கறது? வூட்டுலயே குடுத்துட்டு வரக்கூடாதா?"

நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன். அழுகை... அழுகை... மறுபடியும் அழுகை. இந்த முறையும் பாப்பா பிடிக்கவில்லை என்றால் கௌசல்யா உடைந்துபோவாளே?

சட்டென்று சத்தம் நின்றது.

வெளியே பேச்சும் நின்றது. டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். புடவைக்கு மேலே ஒரு தலை எட்டிப்பார்த்தது.

"புடிச்சிக்கிச்சுங்க! மடக்கு மடக்குன்னு குடிக்குது!"

டிரைவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். டீ என் சட்டையில் கொட்டியது. சுட்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவசரம் இல்லாமல் குடித்தாள் பாப்பா. எல்லோரும் ஏறியபோது கௌசல்யாவின் முகத்தைப் பார்த்தேன். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. "தொண்டை ஏறி இறங்குதுங்க. முழுங்குற சத்தம் எனக்கே கேட்டுச்சு" என்றாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "போலாமா?"

"இருங்க, இருங்க!" குறுக்கே கையை நீட்டினார் கோழிக்காரர். "ஏப்பம் உட்டுச்சா?"

"சந்தைக்கு நேரமாகலீங்களா?" என்றார் கண்டக்டர்.

"அது கெடக்குது. ஏப்பம் வராம வண்டி குலுங்குச்சுன்னா குடிச்சதெல்லாம் கக்கிரும். அப்பா, தோள்ல போடுங்க."

கடைசியில் எனக்கும் ஒரு வேலை! பாப்பாவைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினேன். ஒரு பஸ்ஸே காத்திருந்தது. தட்டினேன். தடவினேன். வந்தது பாருங்கள் ஒரு ஏப்பம்... கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசம் முடித்த பெரிய மனிதர் விடுகிற ஏப்பம்!

பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. "ரைட்!" என்றார்கள், கண்டக்டரைத் தவிர எல்லோரும்.

அதன்பிறகு பாப்பா அழவே இல்லையா? நன்றாக அழுகிறாள். சாயங்காலமானால் ஒரு கச்சேரி உண்டு. ஆனால் பால் குடிக்கிறாள். அடுத்த முறை தராசில் வைத்தபோது எடை ஏறியிருந்தது. டாக்டர் சிரித்தார். கௌசல்யா இரண்டு தட்டு சாப்பிட்டாள். இப்போது யாராவது "பால் பத்தல" என்று ஆரம்பித்தால், "பத்துதுங்க" என்கிறாள். அவ்வளவுதான். மேலே பேச்சில்லை.

குழந்தை பெற்றவளுக்கு யோசனை சொல்ல ஊரே வருகிறது. அவள் நிதானமாகப் பால் கொடுக்கக் கொஞ்சம் நேரமும் ஒரு மறைப்பும் தருகிறவர்கள்தான் குறைவு. அன்று எங்களுக்கு ஒரு பஸ் நிறையக் கிடைத்தார்கள்.

ஆகவே, உங்கள் பஸ் கொஞ்சம் லேட்டாக வந்தால் கண்டக்டரைத் திட்டாதீர்கள் — வழியில் யாராவது பால் குடித்துக்கொண்டிருப்பார்கள்.