அக்கா தொடாத சோறு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் அக்கா கையால் வயிறாரச் சாப்பிட்டவர்கள். வேறு சிலர், தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த அக்கா பந்தியில் உட்காராமல் போய்விட்டார் என்று கோபித்துக்கொண்டு, மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள். கோபித்துக்கொண்டவர்களுக்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன். “அச்சுல வர்றது பாப்பா, நல்லா எழுது. யாரையும் திட்டிடாத” என்று மாமா சொல்லியிருக்கிறார். ஆகவே திட்டவில்லை.

அக்கா அவர்கள் திருப்போரூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில், மழையை நம்பிப் பயிர் செய்த குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தம்பி பிறந்தபோது தாயார் இறந்துவிட்டார். அப்போது அக்காவுக்குத் தாவணி போடும் வயதுகூட ஆகவில்லை. என்னையும் தம்பியையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வளர்த்தது அவர்தான். எங்கள் வீட்டில் ஏரி நிரம்பிய ஆண்டில்தான் சோறு, மற்ற நாளில் கேழ்வரகுக் கூழ். எங்களுக்கு ஊற்றிவிட்டுச் சட்டியை வழித்துக் குடிப்பார். பசி என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த மாமாவுக்கு அக்கா வாழ்க்கைப்பட்டார். கூடவே நானும் வந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைப் படிக்கவைத்து, ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாகவும் ஆக்கினார்கள். “உங்க மாமா வூட்டுக்கு வந்தப்புறம்தான் தெனமும் சோறு துன்றேன்” என்று அக்கா பெருமையாகச் சொல்வார். அந்தச் சோற்றைத்தான் நாற்பது வயதில் அவரிடமிருந்து பிடுங்கினார்கள்.

வலது குதிகாலில் ஒரு முள் குத்திய இடம் புண்ணாகி, எந்தத் தழையைக் கட்டியும் ஆறாமல் நின்றது. ஊரில் வைத்தியம் பார்த்துவந்த ஒரு டாக்டரிடம் மாமா அழைத்துப்போனார். சிறுநீரைச் சோதித்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். சோறு கூடாது, கிழங்கு கூடாது, வெல்லம், சர்க்கரை கண்ணாலும் பார்க்கக் கூடாது, வேளைக்கு ஒரே ஒரு கோதுமை ரொட்டி. சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது, புண் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயும், நீல நிறத் திராவகமும், ஸ்பிரிட் விளக்கும் கொடுத்தார். திராவகத்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

தினமும் காலையில் அந்தக் குழாயைக் காய்ச்சுவது மாமாவின் வேலை ஆயிற்று. மஞ்சளில் தொடங்கியது. பத்தியம் இருந்தால் பச்சையாகும் என்று எல்லோரும் காத்திருக்க, நாளாக ஆக அது செங்கல் நிறத்துக்கு ஏறியது. அக்காவோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடந்தார். எங்களுக்குச் சமைத்துப் போட்டு, நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அந்த ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பார். முகம் வாடி, கண் உள்ளே போய்விட்டது. பசி தாங்காமல் பிற்பகலில் ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மாமா நல்லவர். ஆனால் பயந்த நல்லவர். “டியூபுல காத்து எறங்குதுன்னா எங்கியோ ஓட்டை கீது. எங்கன்னு தெரியாம நான் இன்னா பண்ணுவேன்?” என்று புலம்பினார். பிறகு ஒருநாள் மளிகைச் சாமான் வைக்கும் அறைக்கு ஒரு பூட்டு வாங்கிவந்து மாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

“எதுக்கு மாமா இது? எங்க அக்கா இன்னா திருடியா?”

“திருடின்னு யார் சொன்னா? பசி வந்தா மனுசன் இன்னா பண்றான்னு அவனுக்கே தெரியாது பாப்பா.”

அக்கா கத்தவில்லை. “பூட்டட்டும், உடு. பொழுதுக்கும் சாவி கேட்டுக்கினு நிக்கறதுதான் பேஜாரு” என்று மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் ரொட்டியையும் தொடவில்லை.

அடுத்த கிருத்திகைக்குத் திருப்போரூர் போக வேண்டும் என்றார். மூவரும் பஸ்ஸில் போனோம். தரிசனம் முடிந்ததும் கொடிமரத்தின் எதிரே அக்கா ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றினார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “வாணாம்மே, நான் நம்பறேன்” என்று கையைப் பிடித்தார். அக்கா உதறிவிட்டார்.

“டாக்டரு சொன்ன நாள்லேர்ந்து ஒரு சோத்துப் பருக்கை, ஒரு துண்டு வெல்லம் என் வாயில போயிருந்தா, இந்தக் காலு அழுகட்டும் முருகா.”

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

மறுநாள் காலை குழாய் செங்கல் நிறத்தில் நின்றது. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியாதியைவிடச் சத்தியம் அவரை அதிகம் பயமுறுத்தியது. “நீ துன்னுருந்தாலும் பரவால்லமே. ஒண்ணும் சொல்ல மாட்டேன். வா, திரும்பப் போயி அந்தச் சத்தியத்த வாபஸ் வாங்கிக்கினு வந்துடலாம். காலுமே, காலு” என்று அழுதார். அக்கா குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சாமியின் முன் சொல்லியும் செல்லாத வார்த்தையை வேறு எங்கே போய்ச் சொல்வது?

பிறகு மாமாவுக்குத் திராவகத்தின் மேல் சந்தேகம் வந்தது. தன்னுடைய சிறுநீரை விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். நீலமாகவே நின்றது. அதில் அவருக்குத் துளியும் சந்தோஷமில்லை.

எங்கள் தம்பி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பு குத்தகைக்கு எடுத்து, அங்கேயே குடியிருந்தான். பூட்டு, கற்பூரம் எல்லாம் அவன் காதுக்கு எட்டிவிட்டது. எட்ட வைத்தது நான்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. வாசலில் நின்றபடியே, “கெளம்புக்கா. எங்கக்காவ வெச்சிக் காப்பாத்த எனக்குத் தெரியும். பூட்டு போடாத வூடு ஒண்ணு கீது” என்றான். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பள்ளி விடுமுறையாதலால் குழாயும் விளக்கும் எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை அடுப்பங்கரைக்குள் விடக்கூடாது என்பது தம்பியின் கண்டிப்பு. அக்கா காலை நீட்டிக்கொண்டு கடற்காற்றில் உட்கார்ந்திருந்தார். வலையில் வந்த மீன், முருங்கைக்கீரை, நீர்மோர், அந்த ஒரு ரொட்டி. நான் தினமும் குழாயைக் காய்ச்சினேன். செங்கல் மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று. “பாத்தியா, செங்கல்பட்டு தண்ணியே சரியில்ல!” என்று தம்பி தோப்பெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

விடுமுறை முடிந்து வீடு திரும்பினோம். இரண்டாம் நாளே மீண்டும் செங்கல் நிறம்.

அன்று காலை அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். வடித்த கஞ்சியில் ஒரு சொம்பு எடுத்து, உப்புக்கல் போட்டு, ஊதி ஊதி ஆற்றிக் குடிப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். நானும் குடிப்பேன். கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும், வேட்டிக்குப் போடுவோம், மிச்சத்தைக் குடிப்போம். அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை. முன்பெல்லாம் அக்கா இரண்டு வாய் குடிப்பார். சோற்றை நிறுத்திய பிறகு, பசி அடங்கட்டும் என்று சொம்பு நிறையக் குடித்துக்கொண்டிருந்தார். பருக்கை ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாதென்று அதையும் துணியில் வடிகட்டிக் குடித்தார். இதெல்லாம் எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும்தான் நடந்தது.

சொம்பை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பாப்பா, தம்பி வூட்ல நான் அடுப்பாண்ட போவலியே.”

“ஆமா, அதுக்கு இன்னா?”

“கஞ்சி குடிக்கல.”

சொம்புக் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் கொட்டினார். அந்த வாரமே குழாய் பச்சைக்கு வந்தது. பிறகு நீலம். மாமா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தார், உடனே அழுதார். சத்தியமும் பொய்யில்லை, திராவகமும் பொய்யில்லை. சாவியைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தார். “பூட்டு கெடக்கட்டும், எலி வருது” என்றார் அக்கா. அதுதான் அவர் மன்னித்த விதம்.

ஆனால் அன்று மாலை அக்கா தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். “அந்தக் கஞ்சி ஒண்ணுதான் பாப்பா பசிக்குத் தொணையா இருந்துச்சி. அதுவும் போச்சி” என்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் அக்கா நேராகவே கேட்டார். “சக்கரைக்கு மருந்து சொன்னீங்க. பசிக்கு இன்னா சொல்றீங்க?” டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காலையில் எழுந்தது முதல் என்ன தின்கிறாய், எப்போது தின்கிறாய், எப்போது பசிக்கிறது என்று அன்றுதான் ஒவ்வொன்றாகக் கேட்டார். முதலில் கேட்டிருக்க வேண்டியது என்று அவரே சொன்னார். கீரை, புடலை, சுரைக்காய் வயிறு நிறைய, பிறகு மீனோ முட்டையோ, நடுவில் மோர், மாலையில் கொஞ்சம் வேகவைத்த பயறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் தவறக் கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து வயிற்றைக் காயப்போடக் கூடாது.

இந்தக் கடைசிப் பத்தியம்தான் வீட்டில் கடினமாக இருந்தது. புருஷன் சாப்பிடுவதற்கு முன் பெண்டாட்டி எப்படிச் சாப்பிடுவது? அக்கா மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாமா கடையிலிருந்து வந்து, கை கழுவி, வெறும் இலைமுன் உட்கார்ந்துகொண்டார். “நீ துன்ற வரைக்கும் நானும் துன்ன மாட்டேன். பாக்கலாம்” என்றார். அக்கா வேறு வழியில்லாமல் கீரைக் கிண்ணத்தை எடுத்தார். அன்று முதல் அக்காவின் கடைசிக் காலம்வரை, அவர் சாப்பிட்ட பிறகே மாமா இலையில் கை வைத்தார். தெருவில் சிரித்தார்கள். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குதிகால் புண் ஆறியது. கால் பிழைத்தது. பசி மட்டும் முழுதாகப் போய்விட்டது என்று நான் பொய் எழுத மாட்டேன். அதன் பிறகு இருந்த வருஷங்களில் அக்கா பசியோடு பேசிப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். “இது நெஜப் பசியா, சோத்து வாசனைப் பசியா?” என்று தன்னையே கேட்டுக்கொள்வார். வாசனைப் பசி என்றால் எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். நிஜப் பசி என்றால் வெள்ளரிக்காய் நறுக்குவார். கல்யாண வீடுகளில் பந்திக்கு வராமல், தூக்குச் சட்டியில் கொண்டுவந்த பயறைப் பின்கட்டில் உட்கார்ந்து தின்றது அதனால்தான். உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அவருக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. நன்றாகவே வாசனை பிடித்துவிட்டுப் போனார்.

சென்ற ஐப்பசி அடைமழையில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. சில நாள் படுத்தார். மாமாவின் கையைப் பிடித்தபடி, ஒரு விடியற்காலையில் அமைதியாகப் பிரிந்தார்.

காரியத்தன்று நடந்ததை, வெளியூரிலிருந்து வர இயலாதவர்களுக்காக எழுதுகிறேன். படையல் போட வேண்டும். பத்தியச் சாப்பாடா, விருந்துச் சாப்பாடா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா பெரிய தலைவாழை இலை ஒன்றை விரித்தார். வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல் வைத்தார். பிறகு ஆவி பறக்கும் சோற்றை அள்ளி இலையில் போட்டார். இன்னும் ஒரு கரண்டி போட்டார். இன்னும் போட்டார். சோறு இலையைத் தாண்டித் தரையில் வழிந்தது. தம்பி அவர் தோளைத் தொட்டு, “மாமா, போதும்” என்றான்.

“நீ யார்ரா போதும்னு சொல்றதுக்கு? துன்றவதான் சொல்லணும். அவ சொல்லலியே” என்றார் மாமா. கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் நேரம் பாராமல் வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், மழையில் நனைந்துகொண்டு மருந்து வாங்கிவந்த சைக்கிள் கடைப் பணியாளர்களுக்கும், கடலோரத்திலிருந்து மீனும் கீரையும் ஓயாமல் அனுப்பிய தம்பி குடும்பத்துக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், ஆண்டு நிறைவுக்கு இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் சற்று நேரத்தில் பந்தி போடுவோம். சோறு பரிமாற மாமாவே வருவார், யார் சொன்னாலும் கேட்க மாட்டார். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இலையைக் கையால் மறைக்காதீர்கள். வயிறு நிறைந்ததும் அவர் முகத்தைப் பார்த்து, “போதும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.