ஆணி அடிக்காத அறை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், அந்த வீடுகளின் சுவர் உள்ளங்கையில் ஒட்டும். உப்புக் காற்றில் ஊறி எப்போதும் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சுவரில் ஒரு நிமிடம் சாய்ந்து நின்றால் போதும், பள்ளிக்கூடச் சட்டையின் முதுகெல்லாம் சுண்ணாம்பு அப்பிவிடும். எங்கள் மேல்மாடி வாடகை வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன அறையிலும் அப்படியான நாலு சுவர்கள் இருந்தன. அவற்றில் ஒரு கலண்டர்கூடத் தொங்கவில்லை.

கையில் காசில்லாமல் இல்லை. அப்பா ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை செய்தார். ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்ததே கனடா போவதற்குத்தான். அங்கே இருந்த பெரியப்பா எங்களைத் தன்னிடம் "எடுப்பிக்கிற" விசா அலுவல்களைத் தொடங்கிவிட்டு, இந்த வருசம் சரிவரும், இந்த வருசம் சரிவரும் என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அம்மாவுக்கு அது வீடே அல்ல, கொஞ்சம் நீண்டுபோன பஸ் தரிப்பிடம். மரக்கட்டில் வாங்க விடவில்லை. மடக்குகிற "கான்வஸ்" கட்டில்தான். யன்னல் சீலை அவருடைய பழைய சேலையில் கிழித்தது. நல்ல படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கே போய் விரிப்பதற்காக அலுமாரிக்கு மேலிருந்த பெரிய சூட்கேசில் கிடந்தன.

ஏழு வயதில் பாமன்கடையில் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போனேன். அவளுடைய அறை முழுக்க ரோஸ் நிறம். சுவரில் ஒரு பலகைத் தட்டு, தட்டு நிறையப் பொம்மைகள், கதவில் அவளுடைய பெயர். கேக் வெட்டக் கூப்பிட்டும் நான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லையாம். அன்றைக்குத் தொடங்கியது என் "அரியண்டம்", ஓயாத நச்சரிப்பு. எனக்கும் ரோஸ் சுவர் வேண்டும், தட்டு வேண்டும், கதவில் பெயர் வேண்டும். அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன், அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

அம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "போகப்போற வீட்டுக்கு என்னத்துக்குப் பிள்ளை ஆணி?"

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி, நாங்கள் "நோனா" என்று கூப்பிட்ட சிங்கள அம்மையார், என் அழுகை கேட்டு ஒருநாள் மேலே வந்து, பிள்ளைக்காக ஆணி அடித்தால் தனக்கு ஒன்றும் இல்லை என்று தானாகவே சொன்னார். ஒற்றை ஆணிக்காக வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்குகிற இந்தக் கொழும்பில், வீட்டுக்காரி அடி என்று சொல்ல, குடியிருக்க வந்தவள் மாட்டேன் என்று நின்ற வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அம்மா சகுனம், ராகுகாலம் பார்க்கிறவர் அல்ல. ஆனாலும் ஆணி ஒன்று இறங்கினால் நாங்களும் இங்கேயே இறங்கிவிடுவோம் என்று உள்ளூரப் பயந்தார் என்றே நினைக்கிறேன்.

ஒருமுறை பெரியப்பா, கொழும்புக்கு வந்த யாரிடமோ, இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஒட்டுப்படங்கள் ஒரு பக்கற் கொடுத்துவிட்டிருந்தார். ஒரு பின்னேரம் மட்டும் அது என் கையில் இருந்தது. "அங்க உன்ர அறையில ஒட்டலாம்" என்று வாங்கி, அதையும் சூட்கேசுக்குள் வைத்தார் அம்மா. நான் கண்ணால் காணாத அந்த அறையில் கட்டிலை எந்த மூலையில் போடுவது, யன்னலுக்கு என்ன சீலை என்று படுத்துக் கிடந்து யோசிப்பேன். வகுப்புகள் ஏறின. இங்கே இருந்த அறை இருந்தபடியே இருந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது பெரியப்பாவின் தொலைபேசி அழைப்பு ஒன்று நோனா வீட்டுக்கு வந்தது. அப்பா கீழே போய்க் கதைத்துவிட்டு வந்து, "சரிவரேல்லை. இனியும் வராதாம்" என்றார். புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அம்மா "ம்" என்றுவிட்டுத் தொடர்ந்து குழைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு வாளி பெயின்ற், "பிறஷ்", சுத்தியல், ஒரு பை ஆணி எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வாளியின் மூடியை நெம்பித் திறந்தார். ரோஸ். "பிள்ளை கேட்ட நிறம்" என்றார்.

கேட்டது ஏழு வயதுப் பிள்ளை. பதின்மூன்று வயதில் எனக்கு ரோஸ் நிறம் கண்ணில் காட்டக் கூடாது; வகுப்புத் தோழிகள் வந்தால் சிரிப்பார்களே என்பதுதான் என் முதல் யோசனை. ஆனால் பேனாவைத் தவிர வேறொன்றும் பிடித்துப் பழகாத அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரைச் சுரண்டத் தொடங்கியதைப் பார்த்தபிறகு எப்படி வாய் திறப்பது? "வடிவா இருக்கப்பா" என்றேன். அம்மா சூட்கேசை இறக்கி, புது விரிப்பு ஒன்றை எடுத்து என் கட்டிலில் விரித்தார். நட்சத்திரப் பக்கற்றையும் தந்தார். பின்பக்கத்துப் பசை காய்ந்துபோயிருந்தது. அப்பா கதிரையில் ஏறி ஒவ்வொன்றுக்கும் "கம்" பூசி ஒட்டினார். விழுந்ததை எடுத்து மறுபடி ஒட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ரோஸை இரண்டு மாரிக்குள் உப்புக் காற்று தின்று தீர்த்தது. வீடும் இப்போது இல்லை. நோனாவின் பிள்ளைகள் விற்க, அந்த இடத்தில் தொடர்மாடி எழும்பி, முன்பு எங்கள் யன்னல்கள் கடலைப் பார்த்த பக்கத்தில் இப்போது யார் யாருடையவோ உடுப்புக் கொடிகள் தெரிகின்றன. அப்பாவும் காலமாகிவிட்டார். நான் தெஹிவளையில் ஒரு வாடகை பிளாட்டில் இருக்கிறேன், அம்மா எங்களோடு. போன மாதம் என் ஆறு வயது மகன், தன் அறைச் சுவரில் பெரிய திமிங்கலம் ஒன்று வரைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். என் கணவர் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். "விசா என்ன மாதிரி எண்டு பாத்திட்டுச் செய்வமே" என்றார். நியாயமான பேச்சுத்தான், நானும் தலையாட்டப் பார்த்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"நானும் அப்பிடித்தான் தம்பி பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் மருமகனிடம். "விசா வரேல்லை. பிள்ளை வளந்திட்டுது."