அப்பாவைக் கூப்பிட்ட குரல்

காலையில் போகும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். சாயங்காலம் வரும்போது கூட்டம் இறங்கும் பங்காருபேட்டை வரைக்கும் நின்றுதான் வரவேண்டும். இருபது வருடமாக இதே கதைதான். பெங்களூரில் எனக்கு வேலை, வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதும் புத்தகங்களை அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்துவது. மீன் செதில், வரிச் சட்டம், எது வந்தாலும் படிப்பேன். படித்தது எதுவும் என்னோடு வீடுவரை வந்ததில்லை. உடம்பில் அலுப்பு ஏறினால் மண்டையில் வேறு எதற்கும் இடமிருக்காது.

அந்த ஒரு புத்தகம் மட்டும் கூடவே வந்து தொலைத்தது. பழங்காலத்துக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் தெய்வத்தை எப்படி உணர்ந்தார்கள் என்று இன்றைய மூளை அறிவியலை வைத்து விளக்கும் புத்தகம். ஓர் அத்தியாயம் முழுக்கக் குகைக் கோயில் பற்றியது. குறி கேட்க வந்தவர் பல நாள் விரதமிருந்து, குறுகலான பொந்து ஒன்றில் காலை முதலில் விட்டு இறங்குவாராம். உள்ளே கும்மிருட்டு. குரல் கேட்கும், உருவம் தெரியும். வெளியே வரும்போது நடுங்கிக்கொண்டிருப்பார், கொஞ்ச நாளைக்குச் சிரிப்பே வராது. எழுதியவர் சொல்லும் காரணம் எளிது. கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றுமே கிடைக்காதபோது மூளை சும்மா இருக்காது, தானே ஒரு குரலை உண்டாக்கிக்கொள்ளும். மனதில் ஏற்கெனவே எந்தத் தெய்வம் இருக்கிறதோ, அதன் குரலாகவே அது கேட்கும்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அது எங்கள் அப்பாவின் கதை.

அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் உள்ளே இறங்கி வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பாறை வெடித்துச் சரிந்து, அவரும் அவருடைய கூட்டாளியும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். விளக்கு இரண்டும் போய்விட்டன. கூட்டாளியின் கால்மேல் கல். அப்பா புரட்டிப் பார்த்தார், அசையவில்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, மாரியாத்தா “எழுந்து வாடா” என்று கூப்பிட்டாளாம். சரிந்த கற்களின் இடுக்கில் ஊர்ந்து, சுவரோரம் ஓடிய குழாயைத் தடவிக்கொண்டே, ஆட்களை மேலே ஏற்றும் கேஜ் வந்து நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது கூட்டாளி உயிரோடு இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றும்போது அப்பா இதைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார். “ஆத்தா என்னை மட்டும்தான் கூப்ட்டா” என்று முடிப்பார். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத் துணியைத் துவைத்து இடுப்பு ஒடிந்துபோய் உட்கார்ந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டீயைக் குடித்துக்கொண்டே அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“அது ஆத்தா இல்லப்பா. உன் மூளைதான். இருட்டுல மாட்டிகினா யாருக்கும் அப்படித்தான் குரல் கேக்குமாம். புஸ்தகத்துல போட்டிருக்கு.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ கூப்ட்டது நானேவா?”

“ஆமாம்ப்பா. நீயே உன்ன காப்பாத்திகின. நல்லதுதான?”

பெரிய மேதாவி மாதிரிதான் சொன்னேன். அவருக்குச் சுரங்கத் தூசியில் வந்த ஈளை இழுத்தது. பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

“போவாதடான்னு அவன் என் கைய புடிச்சிகினான்மா. ஆத்தா கூப்புடுறா, உடுடான்னு உதறிட்டு வந்தேன். ஆத்தா கூப்புடலன்னா, உதறினது யாரு?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது நான், கெட்டது அவர். அதெல்லாம் கிரேக்கர்களுக்குச் சொன்னது, நமக்கில்லை என்று மழுப்பினேன். அவர் காதில் வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. ரயிலில் நின்றுகொண்டே என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். படித்ததைப் படித்த இடத்திலேயே விட்டுவிட்டு வர எனக்கு என்ன கேடு?

அடுத்த ஞாயிறு, “ஆண்டர்சன்பேட்டைக்கு இட்டுனு போ” என்றார். கூட்டாளியின் மனைவி அங்கேதான் இருக்கிறார். ஆட்டோவில் பத்து நிமிடம் ஆகாது. கூட்டாளிக்குக் காரியம் முடிந்த பிறகு அப்பா அந்த வீட்டுப் பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்லை.

அந்த அம்மா கதவைத் திறந்தார். அப்பாவை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. “வாங்கண்ணா, உக்காருங்க” என்றார். அப்பா உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

“ஆத்தா கூப்புடல தங்கச்சி. நானாத்தான் வந்துட்டேன். போவாதன்னான், கைய உதறிட்டு வந்துட்டேன்.”

அடிப்பாரோ, கத்துவாரோ என்று நான் அப்பாவை ஒட்டி நின்றுகொண்டேன். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“உயிருக்குப் பயந்து வந்தீங்க. யாரா இருந்தாலும் வருவாங்க. அதுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். அப்புறம்தான் குரல் உடைந்தது. “ஆத்தா உங்கள மட்டும் கூப்ட்டான்னு ஊரே சொல்லிச்சு பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. என் வூட்டுக்காரர ஏன் கூப்புடல? அவரு இன்னா தப்பு பண்ணாரு? இத்தினி வருசமா அதையேதான் யோசிச்சிகினு இருக்கறேன். அந்தக் கோயில் வாசல நான் மிதிக்கவே இல்லண்ணா.”

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் ஒரு தப்பும் பண்ணலம்மா” என்றார். “ஒண்ணுமே பண்ணல.”