நான் ஊத மறுத்த மத்தியானம்

ராஜபாளையத்தில் பதினெட்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். மில் மேனேஜர்கள், அவர்களுடைய மனைவிமார், காலேஜ் பிள்ளைகள், ரிட்டயரான வாத்தியார்கள் என்று ஊரில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கிளட்ச் மிதிக்கப் பழகினார்கள். அவர்களிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பஸ் ஸ்டாண்டு முன்னால் வண்டி அணைந்துபோய் நடுங்குகிறவர்களிடம், அவசரமே இல்லை, மெதுவாக எடுங்கள் என்பேன். பொறுமையான ஆள் என்று எனக்குப் பெயர்.

வீட்டில் நான் அடிப்பேன். குழம்பில் உப்பு, தாமதமாக எடுத்த போன், அவள் அண்ணன் வந்துபோனது, எதுவும் காரணமாகும். குடித்தால்தான் அடிப்பேன் என்றில்லை. குடித்திருந்தேன் என்று மறுநாள் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது, அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இதைப் பார்த்தவர்கள் என்று யாரும் கிடையாது.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்து கான்சாபுரத்தில் விவசாயம் பார்க்கிறவர். அவர் பேத்திக்குக் காதுகுத்து. பிளவக்கல் அணைக்குக் கீழே அவர்களுடைய குலசாமி கோயிலில் கிடா வெட்டி, பக்கத்து மாந்தோப்பிலேயே சமைத்துப் போட்டார்கள். மத்தியானம் பந்தி முடிந்ததும் தோப்பின் ஓரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். மச்சான் மிலிட்டரி கேண்டீன் ரம் வைத்திருந்தார். போகும் வழியில் போலீஸ் செக்கிங் இருக்கும் என்று யாரோ சொன்னபோது அவர் சிரித்தார்.

"கேட்டா ஊதாத மாப்ள. ஊதினாத்தான் கேஸு. ஊதலேன்னா அவன் கையில என்ன இருக்கு?"

நான் தலையாட்டினேன். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் மற்றவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். அது சட்டப்படி சரிதான் என்று நானும் சொன்னேன். அந்தச் சட்டத்தை நான் படித்ததே இல்லை. என்னிடம் படிக்க வந்த பையன்களுக்கும் இதையே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இரண்டு டம்ளர் குடித்தேன், சின்ன டம்ளர்தான். மச்சான் மூன்றாவது ஊற்றும்போது என் மனைவி வந்தாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மண்ணில் கொட்டினாள். அத்தனை பேர் முன்னாலும் கொட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். வளையல் உடைந்து அவள் கையிலேயே குத்தியது. மச்சான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கிடாத்தோலைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் திரும்பி என்னவோ பேச ஆரம்பித்தார்.

காரை நான்தான் ஓட்டினேன். வத்திராயிருப்பு தாண்டியதும் நான், "வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் இடத்தில் இரும்புத் தடுப்பைப் போட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று இருக்கும், நல்ல வெயில். ஒரு எஸ்.ஐ., ஒரு ஆண் காவலர், ஒரு பெண் காவலர். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஊதும் கருவி அவள் கையில்தான் இருந்தது. என் கண்முன்னால் புதுக் குழாயை உறையிலிருந்து பிரித்து மாட்டினாள்.

"அண்ணே, இதுல ஒரு தடவ ஊதிட்டுக் கெளம்புங்க."

ஊத மாட்டேன் என்றேன். அவள் மறுபடியும் அதையே அதே குரலில் சொன்னாள். பக்கத்திலிருந்து என் மனைவி, "ஊதிருங்க, செத்த நேரத்துல போயிரலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்திருக்காவிட்டால் ஊதியிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினேன். எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கத்தினேன்.

எஸ்.ஐ. நிதானமாக வந்தார். "ஊதலேன்னா பரவாயில்ல. வாடை அடிக்குது. அத வச்சே வாரண்டு இல்லாம உங்கள அரெஸ்ட் பண்ணலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி ரத்தம் எடுப்போம். ஊத மாட்டேன்னு சொன்னதும் கோர்ட்டுல உங்களுக்கு எதிராத்தான் போகும். யோசிச்சுக்கோங்க" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று பிறகு தெரிந்தது. அப்போது நான் சிரித்தேன். அந்தப் பெண் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று கருவியை என் வாய்ப் பக்கம் நீட்டினாள்.

அடித்தேன். புறங்கையால் கருவியைத் தட்டிவிட்டேன் என்றுதான் பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். கருவி அவள் உதட்டில் மோதியது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. திரும்பி வந்த உள்ளங்கை அவளுடைய இடது காதில் முழுசாக விழுந்தது. அவள் தடுப்பின் மேல் சாய்ந்து, தடுப்போடு சேர்ந்து விழுந்தாள். எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது அவள் முழங்காலில் உதைத்தேன். அவள் காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் இறங்கிக் காக்கிச் சட்டைக் காலரில் ஊறியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நடந்தது. கெண்டைக்காலில் விழுந்த முதல் லத்தி அடியிலேயே மண்டியிட்டுவிட்டேன். தலைமுடியைப் பிடித்து என் முகத்தைக் காரின் பானட்டில் அழுத்தினார்கள். வெயிலில் காய்ந்திருந்த தகடு கன்னத்தைச் சுட்டது. முன்பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு உடைந்தது. ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கிவந்து போனில் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன், கூட்டத்திடம் என்னைக் காட்டி யாரென்று சொன்னான். வேனுக்குள் தரையில் போட்டு முதுகில் மிதித்தார்கள். என் மனைவி காரைவிட்டு இறங்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுக்க நான் விடவில்லை. கையை மூடி மடக்கிக்கொண்டேன். நாலு பேர் தோளையும் காலையும் பிடித்தார்கள், ஒருவர் என் முழங்கையைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தினார். டாக்டரம்மா, அசைந்தால் ஊசி உள்ளேயே ஒடிந்துவிடும் என்று எச்சரித்த பிறகுதான் அடங்கினேன். திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் காதில் பஞ்சை வைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரை விலகியபோது என்னைப் பார்த்தாள். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடம்பில் காயம் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். எஸ்.ஐ. வாசலில் நின்றார். கீழே விழுந்துவிட்டேன் என்றேன். மாஜிஸ்திரேட் கேட்டபோதும் அப்படியே சொன்னேன்.

பதினைந்து நாள் ரிமாண்டு. அதற்குப் பிறகு ஜாமீன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சில மாதம் கழித்து வந்தது. என் வக்கீல் அதை இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். என் ரத்தத்தில் இருந்த மது சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள்தான் இருந்தது.

"ரத்தம் எடுக்க ரெண்டு மணி நேரமாச்சு, அதுல கொஞ்சம் கொறஞ்சிருக்கும்னு அவங்க பேசுவாங்க. பேசினாலும் இத வச்சுத் தண்டிக்க முடியாது" என்றார். பிறகு, "அன்னைக்கி ஊதியிருந்தா அநேகமா அப்பவே வீட்டுக்குப் போயிருப்பீங்க" என்றார்.

மிச்சம் இருந்தது அடித்த வழக்கு. கடமையைச் செய்துகொண்டிருந்த காவலரைத் தாக்கியது. படம் எடுத்தவர்கள் எல்லோரும் நான் அடி வாங்கியதைத்தான் எடுத்திருந்தார்கள், நான் அடித்ததை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண் தடுப்பில் கால் இடறி விழுந்தாள் என்று கொண்டுபோகலாம் என்றார் வக்கீல். காவல்துறை சாட்சிப் பட்டியலில் என் மனைவியின் பெயரும் இருந்தது. காருக்குள் இருந்தவள் அவள்தானே. மத்த சாட்சியெல்லாம் போலீஸுதான், அவங்க மட்டும் மாத்திச் சொல்லிட்டாப் போதும், நான் பாத்துக்கறேன் என்றார்.

அவள் கோர்ட்டுக்கு வரவேண்டிய நாளன்று காலையில் அடுப்படியில் வைத்து அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்தேன். "அந்தப் பிள்ள இடறி விழுந்துச்சு" என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். சரியாகச் சொல் என்று சுவரில் அவள் தலையை மோதினேன். மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை திக்காமல் வந்தது. விட்டுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் முதலில் அந்தப் பெண் காவலர் சாட்சி சொன்னாள். காது ஜவ்வு கிழிந்து ஆறு வாரத்தில் ஆறியது என்றாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அடுத்து என் மனைவி கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் அவளை வலதுபக்கம் நின்று கேட்டார். எங்கிருந்து வந்தோம், எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கெல்லாம் பதில் சொன்னாள். என் கணவர் கீழே இறங்கினார் என்றவள், அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது. என் வக்கீல் எழுந்து அவளுடைய இடதுபக்கம் போய் நின்று, அந்தப் பெண் தானாகத்தானே விழுந்தாள் என்று கேட்டார். அவள் பேசாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் பதிலில்லை.

கேட்பது காதில் விழவில்லையா அம்மா என்றார் மாஜிஸ்திரேட்.

"அந்தப் பக்கம் கேக்காதுங்கய்யா. ஆறு வருசமாச்சு" என்றாள்.

எதனால் என்று கேட்டார் அவர். என் வக்கீல் அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஆட்சேபித்தார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இவிய அடிச்சதுதான். அந்தக் கை எப்படி வரும்னு எனக்குத் தெரியும். எனக்கு வந்த மாதிரியேதான் அன்னைக்கி அந்தப் பிள்ளைக்கும் வந்துச்சு, நான் கார்ல இருந்து பாத்தேன். இடறி விழுந்துச்சுன்னு சொல்லச் சொன்னாக. காலையில வீட்டுல மூணு தடவ சொல்லிக் காட்டினேன். இங்க வந்து சொல்ல முடியலய்யா."

அந்த ஆறு வருடமும் அவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவளுக்கு ஒரு காது கேட்காது என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாள், திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே எத்தனையோ நாள் அடித்திருக்கிறேன்.

இது தெரிந்ததும் மனம் உடைந்துபோனேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. வராந்தாவுக்கு வந்ததும் கையை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் காவலர் எழுந்து குறுக்கே வந்தாள். என் மனைவி அவளைத் தோளில் தொட்டு விலக்கிவிட்டு எனக்கு நேரே வந்து நின்றாள். கண்ணை மூடவில்லை, தலை குனியவில்லை. பின்னாலிருந்து ஒரு காவலர் என் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். அதனால்தான் அந்தக் கை இறங்கியது, வேறு காரணமில்லை. அன்றே அவள் தன் அண்ணனை வரவழைத்து அவரோடு கான்சாபுரம் போய்விட்டாள்.

குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் நிற்கவில்லை. தாக்கியதற்கு ஓராண்டு. அப்பீலிலும் அது குறையவில்லை. மதுரைச் சிறையில் இருக்கும்போதே ஸ்கூல் உரிமம் காலாவதியானது. புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். இரட்டை பிரேக் வைத்த இரண்டு கார்களையும் தளவாய்புரத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.

வெளியே வந்த வாரமே கான்சாபுரம் போனேன். அவளைக் கூட்டிவரத்தான் போனேன், மன்னிப்புக் கேட்க அல்ல. மச்சான் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போகாதே என்றார். நீங்கள் சொன்னதைக் கேட்டதால்தான் என் பிழைப்பு போச்சு, ஊதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் கத்தினேன்.

அவர் எழுந்தார். "ஊத வேண்டாம்னுதான மாப்ள சொன்னேன். கை நீட்டச் சொன்னனா?" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே காம்பு என் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் விலாவில் இரண்டு அடி. அடித்துக்கொண்டே அவர் அழுதார். தோப்பில் வைத்தே இதைச் செய்திருக்க வேண்டும், அன்றைக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேனே என்றார். அதை எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

என் மனைவி வாசல்படிக்கு வந்தாள். "போதும்ணே. ஆஸ்பத்திரியில கொண்டுபோயி விட்டுருங்க. பொறவு இங்கிட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் அதன்பிறகு போகவில்லை. விவாகரத்துத் தாளில் வக்கீல் ஆபீஸில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் இப்போது பேண்டேஜ் துணி தயாரிக்கிற மில் ஒன்றில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் இருக்கிறேன். தோள் சரியாகக் கூடவில்லை, வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது.

குடிப்பதை நிறுத்திவிட்டேன். அது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. அடிப்பதை நிறுத்திவிட்டேனா என்றுதான் சொல்லத் தெரியவில்லை. என் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.