கோயில் வானொலியை மூடியவன்

எங்கள் வானொலி நிலையத்தை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தவன் நான்தான். குணசீலன் அல்ல. நான்!

இதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நான் சொல்லப்போகும் காரணங்களைக் கேட்டு என்மீது இரக்கப்பட்டுவிடக் கூடாது அல்லவா...

கோலார் தங்கச் சுரங்கத்தையொட்டிய பாலகாட்டில், பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை. தொண்ணூறுகளின் நடுவில் அங்கேதான் அந்தச் சிறு நிலையம் பிறந்தது. ஆசை பங்குத்தந்தையுடையது, ஒலிபரப்பியைக் கட்டியவர் குணசீலன். அவர் பௌத்தர். என்னோடு ஒரே தொழிற்சாலையில், மின்பிரிவில் இருந்தவர். அரசு உரிமம் கிடையாது. கேட்டால் கிடைக்காது என்று ஃபாதருக்குத் தெரியும். ஆகவே கேட்கவே இல்லை. சுற்றியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலெல்லாம் எங்கள் குரல் கேட்டது.

எங்கள் குரல் என்றேனே... அது என் குரல்! ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன் நான். காலையில் செபம், மாலையில் பிறந்தநாள் வாழ்த்து, இறப்புச் செய்தி, ரத்தம் தேவை என்ற அறிவிப்பு... எல்லாம் நானே. கடையில் நான் வாய் திறந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே வாழ்ந்தேன் என்றால் சிரிப்பீர்களா?

ஒரு கோடை நாளில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று மாலை குணசீலன் மைக் முன் உட்கார்ந்தார். பேத்தமங்களா ஏரியிலிருந்து தண்ணீர் வரும் குழாய் உடைந்து, தண்ணீருக்கு ஊரே தவித்துக்கொண்டிருந்தது.

"அக்காங்களே, கொடத்த வெச்சிக்கினு சண்ட போடாதீங்க. லாரி மொதல்ல கோயில் தெருவுக்கு, அப்பறம் உங்க லைனுக்கு. நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறேன்? என் வூட்லயும்தான் தண்ணி இல்ல!"

படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சிரித்தாள். பக்கத்து வீட்டிலும் சிரித்தார்கள்.

என் பேச்சைக் கேட்டு ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை.

தொண்டை சரியாகித் திரும்பிப் போனபோது ஃபாதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாயங்காலத்த குணசீலனே பாத்துக்கட்டும்ங்க. ஜனங்க அவரத்தான் கேக்கறாங்க. நீங்க காலையில செபம் படிங்க, போதும்."

"சரிங்க ஃபாதர்" என்றேன். என்ன பணிவு! உள்ளே எரிந்தது எனக்கல்லவா தெரியும்...

பிறகொரு நாள் சொந்த வேலையாகக் கோலாருக்குப் போனேன். வேலை முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய கால்கள், ஓர் அரசு அலுவலகத்தின் படியேறின. கால்கள் என்கிறேன், பாருங்கள்! 'நான் ஏறினேன்' என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அங்கிருந்த அதிகாரி கன்னடத்தில் கேட்டார், யார் கட்டியது என்று. குணசீலனின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை.

நிலையம் மூடப்பட வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. அவரை மிரட்டிவைப்பார்கள், அவர் ஒதுங்கிவிடுவார், மாலை நேரம் மறுபடி எனக்கு வரும்... இவ்வளவுதான் நினைத்தேன். இது அறியாமையா? இல்லை. அறிய விரும்பாத மனம்!

ஜீப் வந்தது. ஒலிபரப்பியைத் தூக்கிப் போனார்கள். குணசீலன் மீது வழக்கு. கொஞ்ச நாளில் ஃபாதரையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வாசலில் கூடி நின்றவர்களில் ஒருவர் ஆரம்பித்தார்: "கோயிலுக்கே வராதவன் இன்னாத்துக்குக் கோயில் ரேடியோவக் கட்டுனான்? அவனேதான் போட்டுக் குடுத்துக்கீறான்."

"அப்ப அவன் மேல கேஸு?" என்றார் இன்னொருவர்.

"அதெல்லாம் நாடகம்பா." என் பக்கம் திரும்பினார். "நீ கூடவே இருந்தவன். நீ சொல்லு, அவன்தானே?"

ஒரு சொல் போதும், அவரைக் காப்பாற்ற. ஆனால் நான், "யார நம்பறது, யார நம்பாம இருக்கறது..." என்று இழுத்தேன்.

அந்த இழுப்பே தீர்ப்பாகிவிட்டது. குணசீலன் வீட்டு வாசலைத் தாண்டும்போது பலரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழாயடியில் அவர் மனைவியிடம் யாரும் பேசுவதில்லை என்று என் மனைவி வந்து சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முந்தைய நாட்களில் வீட்டுக்கொரு வதந்தி. எது உண்மை என்று தெரியாமல் தெருமுனைகளில் ஆண்கள் நின்றிருந்தார்கள். "ரேடியோ இருந்தா விசாரிச்சிச் சொல்லியிருப்பாங்க" என்றாள் மனைவி.

அந்த வருடமே குணசீலன் வேலையை விட்டுவிட்டு பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். சாமான் ஏற்ற ஆளில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்புங்கள்!

கட்டிலின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து லாரியில் ஏற்றினோம். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். நான் வாயெடுப்பதற்குள் குணசீலன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரே என்ன தப்பா பேசிச்சிண்ணே. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணும் பேசல. அத நான் மறக்க மாட்டேன்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் மனைவி, "டீ ஆறிடும், குடிங்கண்ணே" என்றார்.

குடித்தேன்.

குருவானவரிடம் குற்றங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனை முறை மண்டியிட்டிருப்பேன்! கோபம், பொய், பூசை தவறியது... எல்லாம் சொல்வேன். இது மட்டும் நாக்கின் நுனிவரை வந்து நின்றுவிடும். முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறதே, அவரிடம் ஏன் முடியவில்லை? நீங்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னதில்லை... அதனாலா?

கிறிஸ்துமஸ் அன்று காலையில் தவறாமல் தொலைபேசி வரும்.

"இன்னாண்ணே, நல்லா கீறீங்களா?"

"நல்லா கீறேன் குணசீலா" என்கிறேன்.