கட்டிலில் ஒரு தையல்கடை

தையல்காரி ஒருத்தி சொன்ன நாளுக்குப் பிளவுஸ் குடுத்தவள் எண்டு திருகோணமலையில ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. நான் பன்னிரண்டு வருசமாய் உட்துறைமுகத்துக்குக் கிட்ட மெசின் மிதிக்கிறன். "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" எண்டு சொல்லியே காலத்தை ஓட்டினனான். அப்பிடிப்பட்ட என்ர வயித்தில வந்த பிள்ளை ஏழாம் மாதத்திலேயே வெளிய வர அவசரப்பட்டுது பாருங்கோ! தைக்கிறவையும், தைக்கக் குடுத்திட்டு நடையாய் நடக்கிறவையும் இதைச் சேர்ந்து வாசிக்கலாம். எல்லாரும் ஒரே சிலுவையைத்தானே சுமக்கிறம்.

இளைப்பாறச் சொன்ன கதை

இருபத்தெட்டாம் கிழமை, வயிறு கல்லாய் இறுகி இறுகி விட்டுது. ஆஸ்பத்திரியில நாலு நாள் மறிச்சு வைச்சு, பிள்ளையின்ர நுரையீரலுக்கெண்டு ஊசியும் போட்டு விட்டினம். "மெசின் மிதிக்காதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ, இளைப்பாறுங்கோ. வலி வந்தால் உடனே வாங்கோ" எண்டார் டொக்டர். அவர் அவ்வளவுதான் சொன்னவர். மாமி வீட்டுக்கு வந்து அதைச் சட்டமாக்கிப்போட்டா. கட்டிலால இறங்கக்கூடாது, தும்மக்கூடாது, கோபப்படக்கூடாது.

வேற நேரமெண்டால் நான் சண்டைக்குப் போயிருப்பன். ஆனால் என்ர முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில பிறந்து ஒரே ஒரு நாள் இருந்தவன். அந்தப் பயம் எனக்கு இருந்தது, மாமிக்கும் இருந்தது. அதனால வாயைப் பொத்திக்கொண்டு படுத்தன். ஒருநாள் போனில ஏதோ பகிடியைப் பார்த்துச் சிரிச்சிட்டன். குசினியிலயிருந்து மாமி ஓடி வந்தா.

"சிரிக்காதை பிள்ளை, குலுங்கும்!"

ஜன்னலோரக் கடை

கடையைப் பூட்ட ஏலாது. அதனால கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டம். நான் படுத்தபடி அளவெடுப்பன், என்ர மச்சாள் வெட்டித் தைப்பா. அளவு குடுக்க வாறவை தங்கட பிரசவக் கதையையும் கொண்டுவருவினம். ஒருத்தி பஸ்ஸில பெத்தவளாம், ஒருத்தி வள்ளத்தில. எனக்குப் புத்திமதி சொல்லாமல் பார்த்திட்டுப் போனது எங்கட ஊர் றோட்டில மாடு மாதிரித் திரியிற மான் மட்டும்தான்.

சல்லிக் கிராமத்திலயிருந்து ஒரு அக்கா வந்தவ. என்ர கதை முழுக்கக் கேட்டு, உச்சுக்கொட்டி, கண்ணையும் துடைச்சா. பிறகு பையிலயிருந்து பிளவுஸ் ஒண்டை எடுத்து என்ர நெஞ்சில போட்டா.

"சும்மாதானே படுத்திருக்கிறீங்கள், இந்தக் கொளுக்கியையாவது தைச்சுத் தாங்கோவன்."

ரீச்சரின்ர பிளவுஸ்

கிண்ணியாவிலயிருந்து பாலம் கடந்து ஸ்கூட்டியில வாற ஒரு ரீச்சர் இருக்கிறா. என்னட்டப் பத்து வருசமாய்த் தைக்கிறா, பத்து வருசமாய்ச் சண்டையும் பிடிக்கிறா. "சொன்ன நாள் எது, இண்டைக்கு நாள் எது?" எண்டு வகுப்பில நிப்பாட்டின மாதிரிக் கேப்பா. தன்ர தம்பியின்ர கலியாணத்துக்கு எண்டு ஒரு பிளவுஸ் குடுத்தவ. கட்டிலடியில நிண்டவவை என்ர கையாலதான் அளந்தனான்.

போட்டுப் பார்த்தால் கை ஏறேல்லை, கொளுக்கி பூட்டேல்லை. பன்னிரண்டு வருசமாய் என்ர அளவு பிழைச்சதில்லை எண்ட திமிரில, "ரீச்சர், கொஞ்சம் சதை போட்டிட்டீங்கள்" எண்டன். என்ர வயித்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"அல்லாஹ்வே, சதை போட்டது நானா, நீங்களா?"

அளவு நாடா

முப்பத்திரண்டாம் கிழமை மிட்வைஃப் அக்கா வயிறு அளக்க வந்தவ. தன்ர நாடாவை மறந்திட்டு வந்து, கட்டில் சட்டத்தில தொங்கின என்ர நாடாவை எடுத்தா. அளந்தா. திரும்பவும் அளந்தா. "கிழமைக்கு ஒரு சென்ரிமீற்றர் கணக்கில முப்பத்திரண்டு வரவேணும், முப்பதுதான் வருது" எண்டா. பிள்ளை வளரேல்லையோ எண்டு பயந்து வயித்தைப் பொத்திப் பிடிச்சன். மாமி உடனே கோணேசருக்கு நேர்த்தி வைக்கத் தொடங்கிட்டா.

மச்சாள் தான் அளந்து வெட்டுற புது நாடாவைக் கொண்டுவந்து குடுத்தா. முப்பத்திரண்டு! ரெண்டையும் பக்கத்தில பிடிச்சுப் பார்த்தால், என்ர பழஞ்சீலை நாடா இழுபட்டு நீண்டுபோய்க் கிடக்குது. நான் அதால அளக்க, மச்சாள் புதுசால வெட்ட, ரீச்சரின்ர பிளவுஸ் இறுகாமல் என்ன செய்யும்? வெக்கத்திலயும் சந்தோசத்திலயும் நான் அழுதுபோட்டன்.

"பிள்ளை சரியாத்தான் வளர்ந்திருக்கு, உங்கட நாடாதான் கூட வளர்ந்திட்டுது" எண்டா மிட்வைஃப் அக்கா.

ஓட்டோவில

அடுத்த கிழமை, பிரிச்சுத் தைக்க விட்ட பிளவுஸை எடுக்க ரீச்சர் வந்தவ. அது இன்னும் முடியேல்லை எண்டு சொல்ல நான் வாயெடுக்க, வலி பிடிச்சுது. என்ர மனுசன் துறைமுகத்தில வேலை, போன் எடுக்கேல்லை. ரீச்சர்தான் ஓட்டோ மறிச்சு என்னை ஏத்தினா. வழி முழுக்க என்ர கையை விடேல்லை. முதல் பிள்ளையின்ர கதையை நான் அவவுக்குச் சொன்னது அண்டைக்குத்தான். அவவும் அழுதா. ஒவ்வொரு வலிக்கும் நடுவில நான், "ரீச்சர், உங்கட பிளவுஸ்..." எண்டு புலம்பினன்.

"பிளவுஸ் கிடக்கட்டும். பத்து வருசத்தில உங்களிட்ட ஒருநாளும் கேக்காததை இண்டைக்குக் கேக்கிறன். இதை மட்டும் பிந்திக் குடுங்க."

ஆஸ்பத்திரியில மருந்து ஏத்த வலி அண்டைக்கு நிண்டுது, மகள் டொக்டர் சொன்ன நாளுக்கு ஐஞ்சு நாள் பிந்தித்தான் பிறந்தாள், இவ்வளவு காலத்தில நான் பிந்திக் குடுத்து ஒருத்தரும் சண்டைக்கு வராத ஓடர் அது ஒண்டுதான்.