என்னைக் காட்டிக்கொடும் என்று ஜெபித்தேன்

கர்த்தருடைய பிள்ளைகளே, நம் சபைப் பத்திரிகையில் என் பெயரைப் பார்த்ததும் உங்களில் பலருக்கு ஒரு பழைய சாட்சி ஞாபகம் வரும். முதுகு வலி நீங்கி, மேடையில் குனிந்து காலைத் தொட்ட மிலிட்டரிக்காரர் அருள்தாஸ். அது நான்தான். அந்தச் சாட்சி பொய். இதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவன். மலைப் பாதையில் எங்கள் வண்டி உருண்டதில் முதுகெலும்பில் அடிபட்டது. ஓய்வு பெற்று காக்ஸ் டவுனுக்கு வந்த பிறகு, ஒரு ஐடி கம்பெனி வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை. வலிக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அபின் இனத்தைச் சேர்ந்த மருந்து, கொஞ்ச நாளைக்கு மட்டும்தான் என்று எச்சரித்தும் அனுப்பினார். நான் அந்தக் கொஞ்ச நாளை வருஷக்கணக்காக இழுத்தேன். சீட்டு கேட்காத மருந்துக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்கு அத்துப்படி. வலிக்காகப் போட ஆரம்பித்ததை, பிறகு போடாவிட்டால் உடம்பு உதறுகிறதே என்பதற்காகப் போட்டேன். என் மனைவி எஸ்தருக்கு நான் மாத்திரை போடுவது தெரியும். எவ்வளவு போடுகிறேன் என்பது தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், உபவாசக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். சுகம் பெற்றவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். கூட்டத்துக்கு வருமுன் நான் வழக்கத்தைவிட அதிகமாக விழுங்கியிருந்தேன். எங்கும் வலி இல்லை. ஒருவேளை நிஜமாகவே சுகம்தானோ என்று ஒரு நிமிஷம் நானே நம்பினேன். கையை உயர்த்தினேன். மேடைக்கு அழைத்தார்கள். குனிந்து காலைத் தொட்டேன். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள், சிலர் அழுதீர்கள். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போயிற்று.

வீட்டுக்குத் திரும்பி ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வலி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறே பாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இடுப்பு பெல்ட் கட்ட முடியாது, எலும்பு டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். மாத்திரை ஒன்றுதான் யார் கண்ணிலும் படாதது. எனவே அது கூடியது. இந்த லட்சணத்தில், வியாதியஸ்தர்களின் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கும் குழுவிலும் என்னைச் சேர்த்தார்கள்.

அப்படித்தான் மர்பி டவுனில் சகோதரி சலோமியின் வீட்டுக்குப் போனேன். சலோமி கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறவர். அவர் தகப்பனாருக்குப் புற்றுநோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. சலோமி என் வீடியோவை அவருக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "இவர்தாம்ப்பா அவரு" என்றார். பெரியவர் படுத்தபடியே கை கூப்பினார்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. நான் போடுவதைவிடக் கடுமையான மருந்து, பெயரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். ஜெபிப்போம் என்றேன். எல்லாரும் கண்களை மூடினார்கள். பெரியவரும் மூடினார். வாய் நிறைய ஜெபித்துக்கொண்டே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த அட்டையை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டேன். அவர்கள் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் சலோமி போன் செய்தார். அப்பாவின் மாத்திரையைத் தானே எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டாராம். அது கடையில் கிடைக்காது, ஆஸ்பத்திரியில்தான் கொடுப்பார்கள். இரவெல்லாம் அப்பா கதறினார், எல்லாம் என் கவனக்குறைவு பிரதர், அட்டை கிடைக்கும்படி ஜெபம் பண்ணுங்கள் என்று அழுதார். நான் போனிலேயே ஜெபித்தேன். அட்டை என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அதிலிருந்து எடுத்து ஏற்கெனவே விழுங்கியும் இருந்தேன்.

அன்று வேலை இடத்துக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். அதுவரை, ஆண்டவரே, வலியை எடுத்துப்போடும் என்றே கேட்டு வந்தவன். அன்று வேறு கேட்டேன். ஆண்டவரே, நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீரே என்னைக் காட்டிக்கொடும் என்றேன். கேட்ட பிறகு பயமாக இருந்தது. கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்றுகூட நினைத்தேன்.

எங்கள் பழைய யூனிட்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தினமும் காலையில் ஆசீர்வாத வார்த்தை ஒன்றைப் பேசி அதில் அனுப்புவேன். யார் கேட்கிறார்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை, அனுப்பிவிடுவேன். வேலூர்க்காரன் பழனி அந்தக் குழுவில் ஒருவன். மாரியம்மன் பக்தன். என் செய்திக்குக் கீழே ஒரு கும்பிடு படம் போடுவதோடு சரி. அந்த வாரத்திலேயே அவன் கூப்பிட்டான்.

"டேய் தாஸு, ஒன் மெசேஜ நான் தெனம் கேக்கறேன். காலைலயே நாக்கு கொழறுதுடா. எத்தன போடறே?"

போடுகிறாயா என்று அவன் கேட்கவில்லை. எத்தனை என்றுதான் கேட்டான். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். அவன் விடவில்லை.

"எங்கிட்ட எதுக்குடா மறைக்கற? நானும் போட்டவன்தான்."

கர்த்தருடைய வார்த்தையைச் சொல்லுகிறேன் என்று நான் அனுப்பிய என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதுதான் என் ஜெபத்துக்கு வந்த பதில். பதில் இந்த வழியாக, இந்த ஆள் மூலமாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

பழனி காலில் பட்ட காயத்தால் இதே குழியில் விழுந்து, போன் வழியாகச் சிகிச்சை தரும் ஒரு ஏற்பாட்டால் எழுந்தவன். என்னையும் அதில் சேர்த்துவிட்டான். முதலில் ஒருமுறை நேரில் போய் டாக்டரிடம் உடம்பைக் காட்டினேன். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அளவு எழுதித் தந்தார். மற்றதெல்லாம் போனில்தான். தினமும் காலையில் வலி பத்துக்கு எவ்வளவு, தூக்கம் எப்படி என்று அதில் குறிக்க வேண்டும். முதுகுக்கான பயிற்சியைப் பார்த்துச் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை எங்களைப் போன்ற முன்னாள் ராணுவத்தினர் சிலர், பழனி உட்பட, வீடியோவில் கூடிப் பயிற்சி செய்வோம், பேசுவோம். கவிதா என்று மைசூர்க்காரப் பெண் ஒருவர் எங்களுக்குக் கவுன்சிலர். நல்ல தமிழ் பேசுவார், அவசரத்தில் கன்னடம் வந்துவிடும்.

அந்தப் போனிடமும் நான் பொய் சொன்னேன் என்றால் நம்புவீர்களா? வலி உயிர் போகும்போதும் இரண்டு என்று குறிப்பேன். ராணுவத்தில் ரிப்போர்ட் கேட்டால் எல்லாம் சரி என்றுதான் வாயில் வரும். சபையிலும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் கிருபையால் சுகம் என்போம். இரண்டு இடத்துப் பழக்கமும் என் விரலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள் கவிதா என்னிடம் தனியாகப் பேசினார்.

"சார், வலி ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. தூக்கமே இல்லேன்னும் போட்டிருக்கீங்க. நான் எத நம்பறது? நிஜ ஹேளி சார்."

உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் அந்தப் பெண் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் ஒன்பது என்றேன். என் வலியின் நிஜமான அளவை எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

எஸ்தரிடம் அதுவரை எதையும் சொல்லவில்லை. பைபிள் ஸ்டடி என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் டேங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பயிற்சி செய்வேன். கணவன் இவ்வளவு பக்தியாகிவிட்டானே என்று சந்தோஷப்பட்டு ஒருநாள் அவள் காபியோடு மேலே வந்தாள். நான் அரை டிராயரோடு மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கியிருந்தேன். திரையில் இன்னும் நாலைந்து பேர் அதே கோலத்தில் கிடந்தார்கள். எஸ்தர் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று போனைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றாள். பழனி காலைத் தூக்கியபடியே "வணக்கம் அண்ணி" என்றான். அங்கேயே பாயில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சலோமி வீட்டு அட்டையையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் காபியை ஒரு மூலையில் ஊற்றிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஆனாலும் அன்று முதல் என் மாத்திரைகள் அவள் கையில். அளவு பார்த்து அவள்தான் எடுத்துத் தருவாள். குறைக்கக் குறைக்க வியர்த்துக் கொட்டியது, வயிறு கலங்கியது, கால்கள் கட்டிலில் உதைத்துக்கொண்டே இருந்தன. ஒருமுறை வழுக்கி மறுபடியும் பழைய கடைக்குப் போனேன். அதையும் அடுத்த வீடியோ கூட்டத்தில் சொன்னேன். யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். கர்த்தருடைய இரக்கத்தால் இப்போது அந்த மாத்திரை இல்லாமல் இருக்கிறேன்.

இதற்கிடையில் சலோமியின் தகப்பனார் இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இந்தப் பாவத்தை நான் இனி அவரிடம் அறிக்கையிட முடியாது. அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, எஸ்தரோடு சலோமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்பா கடேசி வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாரு பிரதர். ஒரு அட்டைய பத்திரமா வச்சுக்கத் தெரியலையா ஒனக்குன்னு. நானும் என் தப்புன்னுதான் அழுதேன்."

மன்னித்துவிடு அம்மா என்று கேட்க வாய் எடுத்தேன். இப்போது அதைக் கேட்காதீர்கள் என்றார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தார். அப்பாவுக்கென்று வாங்கி மீந்த அட்டைகளைக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என் முன்னால் நீட்டினார். சோதித்துப் பார்த்தாரோ, யோசிக்காமல் நீட்டினாரோ, எனக்குத் தெரியாது. என் கண் அந்த அட்டைகளை விட்டு அகலவில்லை. கை தானாக எழுந்தது. அந்தக் கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"என் கைல குடுக்காதம்மா," என்றேன். "எஸ்தர்கிட்ட குடு. எனக்கு இன்னும் ஆசை போகல."

சலோமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப நம்பறேன் பிரதர், நீங்க விட்டுட்டீங்கன்னு. இத சபைல எல்லாருக்கும் சொல்லுங்க."

பாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் தயங்கினார். பழைய சாட்சி பொய் என்றால் ஜனங்கள் சோர்ந்துபோவார்களே என்றார். அந்த வீடியோவை நம்பித்தான் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார் பாஸ்டர் என்றேன். அதற்குப் பிறகுதான் எழுதித் தரச் சொன்னார். உங்களில் யாரிடமாவது அந்த வீடியோ இன்னும் இருந்தால் தயவு செய்து அழித்துவிடுங்கள்.

என் முதுகு வலி போகவில்லை. இன்று காலையில் ஐந்து என்று குறித்தேன், அது உண்மை. ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று எல்லாருக்கும் முன்பாகச் சொல்லுகிறேன். ஒளிந்திருந்தவனை வெளியே இழுத்தார், டாக்டரையும் பழனியையும் அந்த மைசூர்ப் பெண்ணையும் கொடுத்தார், எஸ்தரை என்னோடு இருக்க வைத்தார். அவருக்கே மகிமை. சலோமி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. அவரை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

உங்களில் யாராவது மாத்திரையையோ பாட்டிலையோ ஒளித்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறீர்கள் என்றால், அந்த வெட்கம் எனக்குத் தெரியும். மேடைக்கு வர வேண்டாம். கர்த்தரை நம்பி ஒரு ஆளிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். போக பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போகலாம். பின்வரிசையில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.